ஏறாத லினக்ஸும் எழுதி வைத்த கல்வெட்டும்

அண்ணை இறந்த மூன்றாம் கிழமை அவருடைய மடிகணினியும் எழும்ப மறுத்தது. அவருடைய கல்வெட்டு அதற்குள்ளேதான் இருக்கிறது என்றார் அண்ணி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கையையும் வம்சாவளியையும் அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம்தான் எங்களுக்குக் கல்வெட்டு. கொக்குவிலில் பாதிப் பேருக்கு அதை எழுதியவர் அண்ணை.

"தன்ரையையும் எழுதி வைச்சிட்டன் எண்டு சொன்னவர், தம்பி. உங்களை நம்பேலாதாம். நீங்கள் எழுதினால் விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்குமாம்."

அண்ணையைப் போல நானும் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், இருந்து ஓய்வு பெற்றவன். படிவத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை.

பழைய கணினிக்கு லினக்ஸ் இயங்குதளம்தான் மருந்து என்று படித்தேன். இறக்கிய கோப்பைச் சரிபார்த்தேன். பென் ட்ரைவில் ஏற்றினேன். பழையதை அழிக்காமல் பக்கத்தில் நிறுவும்படி கேட்டேன். பாதியில் நின்றது. பென் ட்ரைவில் பழியைப் போட்டு வேறொன்று வாங்கினேன். அதுவும் பாதியில் நின்றது. மூன்றாம் முறை உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று கேட்டது. நான் பிழை விட்டால் அண்ணை நாக்கால் தட்டுகிற அதே சத்தம். என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது.

ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. புதிதாக எதையும் எழுத அது விடாது. வாசிக்கவாவது விடுமா? நிறுவாமல் பென் ட்ரைவிலிருந்தே லினக்ஸை இயக்கலாம் என்று வழிகாட்டியின் முதற்பக்கத்திலேயே இருந்தது. நடைமுறை தெரிந்தவர்கள் முதற்பக்கத்தை வாசிப்பதில்லை.

அப்படி இயக்கியதும் அவருடைய கோப்புறை திறந்தது. ஊரில் செத்தவர்கள் எல்லோரும் அகரவரிசையில் நின்றார்கள். அண்ணையின் பெயர் இல்லை.

என் பெயர் இருந்தது.

அண்ணையின் பழைய எழுத்துரு லினக்ஸில் இல்லாததால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. கச்சேரியில் அதே எழுத்துருவில் வருடக்கணக்காகத் தட்டியவன் என்பதால் எனக்கு வாசிக்க வந்தது. என் பிறப்பு, பள்ளிக்கூடம், உத்தியோகம். இறந்த திகதிக்கு மட்டும் புள்ளிகள் போட்டிருந்தார்.

அண்ணி தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார்.

"கிடக்கே, தம்பி?"

இல்லை என்று சொல்லத் திரும்பினேன். அந்த முகத்துக்கு அதைச் சொல்ல முடியவில்லை.

"ஓம். கிடக்கு."

"என்ன கோதாரி, ஒரே இங்கிலீசு! வாசியுங்கோ."

பெயர் மாற்றத்துக்கு வேண்டிய நடைமுறைகள் எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றையும் பின்பற்றவில்லை. என் பெயரும் பிறந்த திகதியும் வந்த இடமெல்லாம் அவருடையதைச் சொன்னேன். தாய் தகப்பன், பள்ளிக்கூடம், கச்சேரி எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். கலியாணத்தை நானே சேர்த்துக்கொண்டேன். அண்ணி அழுதார்.

"அச்சொட்டாய் அவரின்ரை கதைதான்."

அடுத்த வரி, கல்வெட்டில் எவரும் எழுதாத வரி: 'அம்மாவின் கடைசி இரண்டு வருடமும் அவளைக் கழுவித் துடைத்தவன் இவன்தான். நான் வாசல் வரைக்கும்தான் போனேன்.'

உயிரோடு இருந்தபோது அவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

"ஏன் நிப்பாட்டிட்டியள்?"

"இந்த இடம் பழுதாப் போச்சு, அண்ணி. வாசிக்க விடுதில்லை."