அந்தரத்தில் ஒரு நிமிஷம்

பொன்ராஜ் பதினெட்டு வயதில் உடன்குடியிலிருந்து சென்னைக்கு வந்தவர். தியாகராய நகரில் உறவுக்காரர்களின் ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவு. நாற்பதைத் தாண்டியும் அதே வெள்ளை விரிப்பில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இருக்கும் பெண்களுக்கு முந்தானையைத் தம் தோளில் போட்டுக் காட்டி, "இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கும்மா" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வார். அவர் சொன்னால் அந்தக் கலர் அவர்களுக்கென்றே நெய்ததாகத்தான் தோன்றும்.

நல்ல மனிதர்தான். ஒரே ஒரு கோளாறு. எதிலும் தாம்தான் முதலில் என்று இருக்க வேண்டும். அசோக் நகரில் அவர் தெருவில் முதல் ஃபிரிட்ஜ் அவர் வீட்டுக்குத்தான் வந்தது. அடுத்த மாதமே எதிர் வீட்டில் பெரிதாக ஒன்று வந்து இறங்கியபோது, ஒரு வாரம் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை. மனைவி ஜெயலக்ஷ்மி புழுங்கிச் செத்தாள்.

1975-இல் சிங்கப்பூரிலிருந்த மைத்துனர், ரேடியோவால் இயக்கும் பொம்மை விமானத்தின் பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். கஸ்டம்ஸில் ஆறு மாதம் தூங்கிவிட்டு வந்து சேர்ந்தது. பொம்மை என்று யாராவது சொன்னால் பொன்ராஜுக்குக் கோபம் வரும். ஐந்தடி இறக்கை, உள்ளங்கை அளவு எஞ்சின், அதற்கு ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருள். அதை இயக்கக் கையில் ஏந்தும் ரேடியோப் பெட்டியில் இரண்டு குச்சிகள். அவற்றைப் பெருவிரலால் அசைத்தால் வானத்தில் விமானம் வளையும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், கடல் காற்று கிளம்புமுன், தரமணிப் பக்கத்துப் பொட்டலில் ஐந்தாறு பேர் இப்படி விமானத்தோடு கூடுவார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அலைவரிசை; அதற்கு அடையாளமாக ஒரு நிறம். ஒரே நிறத்துப் பெட்டிகள் இரண்டு ஒரே சமயத்தில் உயிர் பெற்றால், மேலே இருக்கும் விமானம் யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் பைத்தியம் பிடித்து விழும். அதனால் நிறத்துக்கு ஒன்றாகத் துணி கிளிப்புக்குச் சாயம் பூசி ஒரு பலகையில் மாட்டியிருப்பார் கருணாகரன். அவர் ஒரு கம்பெனியில் படம் வரைபவர். கூட்டத்துக்குக் கணக்கப்பிள்ளை மாதிரி. கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டவர் மட்டும்தான் பெட்டியின் சுவிட்சைத் தொடலாம். சத்தியம் வாங்காத குறைதான்.

இனாயத்தை அந்தப் பொட்டலுக்குக் கூட்டி வந்தது பொன்ராஜ்தான். இதை அவர் பின்னால் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் விமான இறக்கைக்கு மெல்லிய பட்டுத்தான் போர்த்துவார்கள். பட்டுக்குப் பொன்ராஜிடம் பஞ்சமில்லை. சுருக்கம் விழாமல் போர்த்தத்தான் வரவில்லை. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஜெயலக்ஷ்மிக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் இனாயத்திடம் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இன்னா அண்ணாச்சி இது, யாருக்குச் சட்டை?" என்று சிரித்தான் இனாயத். முப்பது வயதிருக்கும். மூன்று தலைமுறையாகத் தையல். இரண்டே நாளில் அரக்கு நிறப் பட்டுத்துணியை இறக்கையின்மேல் தோல் மாதிரி இழுத்துப் போர்த்திவிட்டான். பறப்பதைப் பார்க்க அவனையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார் பொன்ராஜ். பெரிய மனது பண்ணி, ஒரு நிமிஷம் குச்சியையும் அவன் கையில் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். வேலை முடிந்து தன் நாட்டுக்குக் கிளம்பிய ஒரு ஜெர்மன் எஞ்சினியர், தனக்குக் கோட்டு தைத்துக் கொடுத்தவனுக்குப் பறக்கும் பைத்தியம் பிடித்திருப்பது தெரிந்து, தன் பெட்டியையும் எஞ்சினையும் அவனுக்கே விட்டுவிட்டுப் போனான். பொன்ராஜ் ஆறு மாதம் கஸ்டம்ஸ் வாசலில் நடையாய் நடந்து வாங்கியது, இனாயத்துக்குத் தையல் மெஷின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அதுவும் மஞ்சள் நிறப் பெட்டி. பொன்ராஜுடையதும் மஞ்சள். ஆக, ஒருவர் பறக்கவிட்டால் மற்றவர் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

1977 தொடக்கத்தில் கருணாகரன் ஒரு செய்தி கொண்டு வந்தார். வெளிநாட்டில் ஒருவன் பொம்மை விமானத்தை மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தரையைப் பார்க்க, அப்படியே அந்தரத்தில் நிறுத்துகிறானாம். இறக்கை தூக்குவதே இல்லையாம். முன்னால் சுழலும் விசிறியே மொத்த எடையையும் பிடித்துத் தொங்குகிறதாம்.

"தீபாவளிக்குள்ள ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டுறேன். நம்மூர்ல நான்தான் முதல்ல," என்றார் பொன்ராஜ். பொட்டலில் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடையில் சொன்னார், தெருவில் சொன்னார், சிங்கப்பூருக்குக் கடிதமும் எழுதினார்.

சொல்வது சுலபம். உயரே கொண்டுபோய், மூக்கைத் தூக்கி, எஞ்சினைப் பதமாகக் குறைத்தால் விமானம் நிற்கத்தான் செய்யும், ஒரு விநாடி. உடனே ஒரு பக்கம் சாயும். வால் தகட்டை ஆட்டி நிமிர்த்த வேண்டும். அது முதுகைக் காட்டி நிற்கும்வரை கவலையில்லை; அதன் வலது நம் வலது. ஆனால் எஞ்சினின் முறுக்கு அதை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். வயிற்றைக் காட்டித் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். அந்த இடத்தில்தான் பொன்ராஜின் பெருவிரல் தவறாமல் தப்புப் பண்ணும். இருபது வருஷத்துக்கு மேலாக எதிரே இருப்பவர்களுக்குக் கண்ணாடியாகவே இருந்த மனிதர். எதிர்ப்பட்டது எதுவானாலும் அவர் கை கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான் போகும். எட்டு மாதத்தில் ஏழு விசிறி உடைந்தது. பத்து விநாடியைத் தாண்டவில்லை.

ஆவணி மாதத்தில் இனாயத் சும்மா ஒரு முயற்சி செய்து பார்த்தான். முதல் ஞாயிறு எட்டு விநாடி. அடுத்த ஞாயிறு இருபது. மூன்றாவது ஞாயிறு பச்சைப் பட்டு போர்த்திய அவன் விமானம் அந்தரத்தில் நின்று, சாவகாசமாக ஒரு முழுச் சுற்று திரும்பி, வயிற்றையும் முதுகையும் காட்டிவிட்டு நின்றது. கருணாகரன் கடிகாரத்தைப் பார்த்து, "நாற்பத்தேழு!" என்று கத்தினார்.

பொன்ராஜும் கை தட்டினார். தட்டிய கை எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது. பொறாமைதான், வேறு பேர் வைத்து அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. இரவில் சோறு இறங்கவில்லை. வெந்நீர் காய்ச்சிய ஜெயலக்ஷ்மி வேறு சும்மா இருக்காமல், "ஏங்க, நம்ம டெய்லர் பாய் ஏரோப்ளேனை ஆணி அடிச்ச மாதிரி நிறுத்துறாராமே? கருணாகரன் சார் வீட்ல சொன்னாங்க. நீங்க எத்தனை செகண்டு?" என்றாள்.

"உனக்கு எதுக்கு அந்தக் கணக்கெல்லாம்? பேசாம படு," என்று எரிந்து விழுந்தார். மறுநாள் கடையில் ஒரு பெண் பச்சைப் பட்டு கேட்டாள். "பச்சை உங்களுக்கு எடுக்காதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் பச்சை நன்றாகத்தான் எடுத்திருக்கும்.

வெட்கத்தை விட்டுவிட்டு லஸ்ஸுக்குப் போய்க் கேட்டார். "பாய், வயித்தைக் காட்டித் திரும்பும்போது என்ன செய்யிறீங்க? உள்ளதைச் சொல்லுங்க."

"அதுல இன்னா கீது அண்ணாச்சி?" கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு இனாயத் யோசித்தான். "முதுகைக் காட்னா, கஸ்டமர் முதுகுக்கு அளவெடுக்கறா மாரி. வயித்தக் காட்னா, கஸ்டமர் எதுர்ல நிக்கறாரு. அவுரு வலது கைதானே வலது? என் வலது எதுக்கு அங்க? நா அவுரு உடம்புக்குள்ள பூந்துக்குவேன், அவ்ளதான்."

பொன்ராஜ் நம்பவில்லை. சூட்சுமத்தை மறைத்துக்கொண்டு தையல்காரக் கதை சொல்கிறான் என்றுதான் பட்டது. இல்லாவிட்டால் ஜெர்மன் பெட்டியில் ஏதோ இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் விரும்பினார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்தின ஞாயிறு. மஞ்சள் கிளிப் இனாயத்தின் சட்டையில். எல்லோருக்கும் தெரியும், இன்றைக்கு ஒரு நிமிஷம் ஆகிவிடும் என்று. பொன்ராஜ் தள்ளிப்போய் வேலிக்காத்தான் நிழலில், விமானம் நிற்கும் இடத்துக்குக் கிட்டத்தில், தம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தூசி துடைக்கிறேன் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். துடைக்கும்போது ஏரியலை எதற்கு நீட்ட வேண்டும்? அதையும் நீட்டினார்.

பச்சை விமானம் ஏறி, மூக்கைத் தூக்கி நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கருணாகரன் ஏலம் போடுகிறவர்போல எண்ணினார். முப்பது. நாற்பது. விமானம் மெல்லத் திரும்பி வயிற்றைக் காட்டியது. மயிரிழைகூடச் சாயவில்லை. ஐம்பது. ஐம்பத்தொன்று. இனாயத் சிரித்துக்கொண்டிருந்தான். கஷ்டப்படுகிற முகமாக இருந்திருந்தால்கூடப் பொன்ராஜ் பொறுத்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஐம்பத்தாறு. அவருடைய பெருவிரல் சுவிட்சைத் தள்ளி, உடனே திரும்ப இழுத்துவிட்டது. ஒரு தும்மல் நேரம்தான்.

விமானம் ஒருமுறை உதறிக்கொண்டு பக்கவாட்டில் புரண்டு தரையில் குத்தியது. எஞ்சின் மண்ணில் புதைந்தது. இறக்கை இரண்டாய், நாலாய்ப் போயிற்று. அந்த நொடியில் பொன்ராஜுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல தாகத்தில் மோர் குடித்த மாதிரி இருந்தது. ஏரியலை மடக்கிப் பையில் வைத்துவிட்டு மற்றவர்களோடு அவரும் ஓடினார்.

"எஞ்சின் நின்னுடுச்சா?" என்று கேட்டார் கருணாகரன்.

"இல்ல சார். எஞ்சின் நல்லாத்தான் கீது." இனாயத் முட்டி போட்டுப் பட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "என் கைதான் தப்புப் பண்ணிட்ச்சு."

வேறு யாரையும், எதையும் அவன் சந்தேகப்படவில்லை. அந்தப் பொட்டலில் கிளிப் இல்லாமல் சுவிட்சைத் தொடுகிற ஆள் இருப்பான் என்பது அவன் புத்திக்கே எட்டவில்லை. எஞ்சினைக் கழுவி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டான். கை சரியாகும்வரை இன்னொரு விமானம் கட்டப்போவதில்லை என்றான். அதோடு விட்டானா? அடுத்த ஞாயிறும் பஸ் பிடித்து வந்து பொன்ராஜின் பக்கத்தில் நின்றான்.

"நீங்க நிறுத்துங்க அண்ணாச்சி. நா சொல்றேன்."

விமானம் வயிற்றைக் காட்டித் திரும்பும்போதெல்லாம், "கஸ்டமர் வலது, கஸ்டமர் வலது" என்று காதருகே சொல்லிக்கொண்டேயிருந்தான். அப்போதுதான் பொன்ராஜுக்குத் தெரிந்தது, அன்று கடையில் அவன் சொன்னது கதையில்லை என்று. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அவர் விமானம் ஒரு நிமிஷமும் நாலு விநாடியும் அந்தரத்தில் நின்றது. கருணாகரன் துள்ளினார். இனாயத் பொன்ராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தானே நிறுத்தியதுபோலக் கண் கலங்கினான். பொன்ராஜ் சுற்றிலும் பார்த்தார். அங்கிருந்தவர்களில் அவரைவிடச் சந்தோஷமாக இருந்தவன் அவன்தான். அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஸ்கூட்டரில் அவனை ஏற்றிக்கொண்டு அடையாறு வரும்போது பின்னாலிருந்து கேட்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்கதான் கிட்டக்க குந்திக்கினு இருந்தீங்க. நா எங்க உட்டேன்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஸ்கூட்டரை ஓரங்கட்டிச் சொல்லிவிடலாமென்று ஒரு கணம் நினைத்தார். முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. வாய் திறந்தது. "இடது கை, பாய். பெருவிரல் கொஞ்சம் லேட்டா வந்துச்சு."

"நெனச்சேன்," என்றான் இனாயத்.

கார்த்திகையில் ஜெயலக்ஷ்மியின் ரவிக்கைத் துணியைக் கொடுக்கப் போனார். இனாயத் மெஷினில் இருந்தான். ஒரு தையல் முடிந்து அடுத்தது தொடங்குமுன், இடது கையைத் துணியிலிருந்து எடுத்து, பெருவிரலை இல்லாத ஒரு குச்சியின்மேல் வைத்தாற்போல இடமும் வலமும் சொடுக்கினான். ஒரு மாதமாக இப்படித்தான், நூறு தடவை, தினம், வீட்டில் பெண்டாட்டி ஷகீலா சிரிக்கிறாள் என்றான்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. இன்னும் லேட்டா கீதா? சரியாய்ட்சுன்னா நாளைக்கே கட்ட ஆரம்பிச்சுருவேன்."

பொன்ராஜ் பார்த்தார். அந்த விரலின் வேகம் இந்தப் பட்டணத்தில் யாருக்கும் வராது. அவருக்கு ஜென்மத்துக்கும் வராது.

"இன்னும் கொஞ்சம் லேட்டாத்தான் இருக்கு, பாய்," என்றார்.

இனாயத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி விரலைச் சொடுக்க ஆரம்பித்தான்.