மாமா சொல்லாமல் விட்டது

என் தாய்மாமாவின் நல்ல பெயரைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. யாரும் என்னை அடிக்கவில்லை, கைதட்டினார்கள்.

மாமா கேரி தீவில் ஒரு தோட்டத்து மருந்தகத்தில் டிரசர். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவர்தான். மாலையில் எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தால், அன்று மருந்தகத்தில் நடந்ததை நடித்துக் காட்டுவார். அம்மா சிரிப்பில் அடுப்பை மறந்துவிடுவார். ஆனால் அந்தக் கதைகளில் நோயாளிக்குப் பெயர் இருக்காது, உண்மையான தொழிலும் இருக்காது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. யாரென்று சொன்னால் இன்னும் சிரிப்பு வருமே?

ஒரு நாள், ஊசியைக் கண்டு ஒருவர் மயங்கிய கதையைச் சொன்னார். யாரென்று எனக்குத் தெரியும். பள்ளி விட்டு வரும்போது மருந்தகச் சன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். ஆறாத கால் புண்ணோடு விந்தி நடக்கும் லோரி ஓட்டுநர், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுது மயங்கினார்.

கோயில் திருவிழாவில் பிள்ளைகள் நிகழ்ச்சி வைத்தார்கள். மாமாவே தன் வெள்ளைக் கோட்டைப் பெருமையோடு தந்தார். மேடையேறி, மாமாவின் ஊசிக் கதையில் அவர் விட்டதையெல்லாம் நான் சேர்த்தேன். விந்தினேன், மீசையை முறுக்கினேன், "யம்மா, யம்மா" என்று விழுந்தேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் லோரிக்காரரும், மகனை மடியில் வைத்தபடி, சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

லோரிக்காரர் அதன் பிறகு மருந்தகத்துப் பக்கம் வரவில்லை. மாமா மருந்துப் பெட்டியோடு அவர் வீட்டுக்கு நடந்தார். கதவு திறக்கவில்லை. சில வாரங்களில் கிள்ளான் மருத்துவமனையில் அவருடைய காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். மாமா கதை சொல்வதை நிறுத்தினார். தன்னைவிட நான் அதிகம் சிரிக்க வைத்த பொறாமை என்றே நினைத்தேன்.

பின்னாளில் நானும் மருத்துவ உதவியாளனாகி, ஓய்வும் பெற்றேன். சென்ற மாதம், தாதியாக இருக்கும் என் மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நகைச்சுவை மேடைக்கு அழைத்துப் போனாள். வார்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசியவர் ஓர் இளம் டாக்டர். எனக்குச் சிரிப்பை விட ஆராய்ச்சிதான் அதிகம். அவர் சொன்ன தூக்கக் கலக்கமும் தொலைந்த கோப்பும் நான் அறிந்தவைதான். ஆனால் எல்லாக் கதையிலும் முட்டாள் அவரே. முடிந்ததும் போய், உங்கள் கதையில் வரும் நோயாளி இங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அவருக்கே தெரியாது அங்கிள், எல்லாத்தையும் மாத்திடுவேன் லா. அடி என்மேலதான் விழணும்."

மறுவாரம் கிள்ளானுக்குப் போனேன். லோரிக்காரரும் மாமாவும் இறந்து வெகுகாலம் ஆகிறது. அன்று மடியில் இருந்த மகன் இப்போது பூக்கடை வைத்திருக்கிறார். இன்னார் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"உங்கமேல என்ன கோவம் அண்ணே, சின்னப் புள்ள. அப்பாவுக்கு டிரசர் மேலதான். நம்பி அழுதேன், வீட்டுல போய் சொல்லிட்டான்னு சாகுற வரைக்கும் சொன்னாரு."

மாமா யாரென்று சொல்லவே இல்லை, சன்னலில் பார்த்தவன் நான் என்றேன். கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார். டிரசர் அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மாமா யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார், என்னையும்கூட என்றேன்.

"அப்ப அவரு எப்படித்தான் சொன்னாரு?"

கடை வாசலில் நின்று, மாமா சொன்னபடியே சொன்னேன். மயங்குபவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் விழுந்ததைப் பார்த்த பயத்தில் டிரசரும் பக்கத்திலேயே விழுகிறார். ஆசிரியைதான் முதலில் எழுந்து டிரசர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மாலையைக் கையில் எடுத்து, வெகுநேரம் கட்டாமலே வைத்திருந்தார்.

"இத அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணே."

சொல்லியிருக்கலாம். மாமாவுக்குத் திறக்காத அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்குப் போனேன்.