காலிக் குடுவை குடித்த ஹைட்ரஜன்

வேலூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது, இனி வண்டிகளெல்லாம் ஹைட்ரஜனில்தான் ஓடும் என்று எங்கள் பேராசிரியர் முடிவு செய்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கரியை எஃகு உருண்டைகளோடு போட்டு மணிக்கணக்கில் அரைத்தால், அது ஹைட்ரஜனைத் தனக்குள் பிடித்துவைக்கும் என்று வெளிநாட்டுக் கட்டுரைகள் சொல்லின. அவர்கள் கிராஃபைட்டை அரைத்தார்கள். நாம் தோலைக் கரியாக்கி அரைப்போம் என்றார் பேராசிரியர். எங்கள் பக்கம் தோலுக்கா பஞ்சம்.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வைத்திருந்த பாய் ஒருவர், சீவித் தள்ளிய தோல் துருவலை மூட்டை மூட்டையாக அனுப்பினார். குப்பை ஒழிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி, குப்பை கிடைத்ததில் எங்களுக்கு. உலையில் அதைக் கரியாக்கிய அன்று விடுதியில் யாரும் சாப்பிடவில்லை. மெஸ் பொறுப்பாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், பொணம் கிணம் எரிக்கிறீங்களா?"

"எதிர்காலம்பா" என்றார் பேராசிரியர்.

அரைக்கும் இயந்திரத்துக்கு நூலகத்தை ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். அது ஓடிய அதிர்வில், நூலகத்தில் மாட்டியிருந்த 'அமைதி காக்கவும்' பலகை கீழே விழுந்து உடைந்தது.

அரைத்த கரியை எஃகுக் குடுவையில் அடைத்து, ராணிப்பேட்டையிலிருந்து வந்த சிலிண்டரிலிருந்து ஹைட்ரஜனை ஏற்றி, வால்வை மூடினோம். மறுநாள் காலை அழுத்தம் காட்டும் முள் நன்றாக இறங்கியிருந்தது.

"குடிச்சிடுச்சிம்மா" என்றார் பேராசிரியர். அவர் கண் கலங்கியிருந்தது. துறை முழுவதற்கும் ஆற்காட்டு மக்கன் பேடா வந்தது. செருப்பு தைத்த மிச்சத்தில் கார் ஓடும் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அந்தக் கார் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்லியனுப்பினார்.

குடித்தது சரி, திருப்பித் தர வேண்டுமே. குடுவையைச் சூடாக்கிப் பார்த்தேன். முள் பேருக்குத்தான் ஏறியது. சந்தேகம் தட்டியது. கரியைக் கொட்டிவிட்டு, வெறும் குடுவையில் ஹைட்ரஜனை ஏற்றி வைத்தேன். மறுநாள் அதுவும் அதே அளவு குடித்திருந்தது.

பேராசிரியரை அழைத்துவந்து, வால்வு மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் காட்டினேன். குமிழிகள் பொங்கி வந்தன. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"சோப்புத் தண்ணின்னா குமிழி வர்றது சகஜம்தானேம்மா."

அந்த வாரமே பாயும் முதல்வரும் சோதனையைப் பார்க்க வந்தார்கள். பேராசிரியர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாய் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நம்ம கரி ஜாஸ்தி புடிக்குதா, கம்மியா புடிக்குதா?"

பேராசிரியர் என்னையே பார்த்தார். பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"இன்னும் ஒண்ணுமே தெரியாது பாய். குடுவை லீக் ஆவுது."

முதல்வர் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தவராக வெளியேறினார். பாய் மட்டும் பதறிவிட்டார்.

"அப்ப துருவல் இனிமே வேணாமா? பெரிய பேஜாராச்சே. கொட்ட எடமில்லியே."

"அனுப்புங்க பாய்" என்றார் பேராசிரியர், என்னைப் பார்க்காமல்.

வால்வை மாற்றியதும் முள் அசையாமல் நின்றது. எங்கள் தோல் கரி ஹைட்ரஜனை ஏறக்குறைய தொடவே இல்லை. அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதினேன். சில மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பேராசிரியர், கடைசியில் 'மிகக் குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைவு' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் அவர் சூரிய சக்திக்கு மாறியிருந்தார்.

முனைவர் பட்டம் வந்ததும் அம்மா தெரு முழுக்க, மகள் டாக்டராகிவிட்டாள் என்று சொல்லிவிட்டாள். வேலூரில் டாக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். அன்று மாலையே எதிர்வீட்டு அக்கா வந்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"குத்துது டாக்டரம்மா" என்றாள்.

சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.