மாவு மில்லில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள்

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எங்கள் மிளகாய் மெஷின் என் மகளின் துப்பட்டாவைத் தின்றது.

அவளைத் தின்னவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களிலும் அம்மாக்கள் இருப்பார்கள்.

தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. மாமனார் நடத்தியது. கணக்கியல் படித்து, ஏர்கோன் குளிரில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் அவருக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டேன். மகள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று யோசிப்பதற்காக ஒரு வருடம் எடுத்துக்கொண்டவள். யோசிக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் என்னிடம் வேலை. முறையாகச் சம்பளம் போடுகிறேன். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவள் என் மகள் இல்லை, என் ஊழியர்.

அன்று மதியம் கோவிலுக்குப் போவதாக இருந்ததால் சுடிதாரில் வந்திருந்தாள். அவள் துப்பட்டா போடும் நாளெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்.

"ரெண்டு தோள்லயும் ஊக்கு குத்துடி. பறக்குது பாரு."

"நான் என்ன நோட்டீஸ் போர்டாம்மா?"

குத்தவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கவாட்டில் கிடந்த பிரஷ்ஷை எடுக்கக் குனிந்தாள். மோட்டாரையும் மெஷினையும் இணைத்துச் சுற்றும் பெல்ட் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தது. அது அவள் கழுத்தை விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இழுத்த வேகத்தில் அவள் தடுமாறி இடது கையை ஊன்றி விழுந்தாள். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். துப்பட்டா என் பேச்சைக் கேட்டு இரண்டு தோளிலும் குத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வாக்கியத்தை நான் இன்னும் ஒருமுறைகூட முடித்ததில்லை. வீட்டில் ஊக்குப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத மூலையில் இருக்கிறது.

மணிக்கட்டில் சிறிய விரிசல். மாவுக்கட்டு, இரண்டு வார எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. ஊழியருக்கு எம்சி கொடுத்தால் முதலாளி மனிதவள அமைச்சுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் காயமடைந்த ஊழியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

"விபத்துக்குப் பிறகு என்ன நடவடிக்கை எடுத்தேன்னு கேக்குது. என்னடி போடறது?"

"கத்தினேன்னு போடு."

"விளையாடாத."

"அழுதேன்னு போடு. பக்கத்து கடை அங்கிள் வந்து உனக்குத்தான் முதல்ல தண்ணி குடுத்தார்னு போடு. உண்மைய எழுதணும் லா, கவர்மென்ட் ஃபாரம்."

திங்கட்கிழமை அமைச்சிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மரியாதையான ஆங்கிலம். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வருவதாகவும், மில்லின் அபாய மதிப்பீட்டை எடுத்து வைக்கும்படியும், தான் பார்க்கும்வரை அந்த மெஷினை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. முறுக்கு மாவுக்கு வறுத்த உளுந்தும் காய்ந்த மிளகாயும் பெயர் ஒட்டிய பைகளில் சுவர் உயரத்துக்கு நின்றன. எங்கள் மில் வருடம் முழுக்க மூச்சு விடுகிறது என்றால், ஓடுவது அந்த மூன்று வாரம்தான். வருகிறவர் பார்த்துவிட்டு, மாவுக்கும் மிளகாய்க்கும் எங்களிடம் இருக்கும் அந்த ஒரே மெஷினுக்கு சீல் வைத்தால் பைகளை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த வருடம் அந்தப் பைகள் வராது.

அபாய மதிப்பீடு என்பது, வேலை செய்யும் இடத்தில் என்னென்ன ஆபத்து வரலாம், அதைத் தடுக்க என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று நாமே எழுதி வைக்க வேண்டிய ஆவணம். என்னிடம் இருந்தது. முப்பது பக்கம், அட்டை போட்டு, அழகாக. கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் தம்பி முன்பு தன் பட்டறையின் மதிப்பீட்டை எனக்கு அனுப்பியிருந்தான். கப்பல் என்று வரும் இடத்திலெல்லாம் மில் என்று மாற்றும்படி கணினிக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்து, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்தேன். அதைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய பொருளாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலை மகள் படித்தாள்.

"அம்மா. ஆபத்து ஒன்று. மில்லிலிருந்து தவறிக் கடலில் விழுதல்."

"என்னது?"

"ஆபத்து ரெண்டு. மில்லின் மேல்தளத்தில் பலத்த காற்று. ஆபத்து மூணு, மில் நகரும்போது துறைமேடைக்கும் மில்லுக்கும் நடுவுல சிக்கிக்கிறது." மாவுக்கட்டுக் கையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். "இரு இரு, தடுப்பு நடவடிக்கைய கேளு. லைஃப் ஜாக்கெட் ரெண்டு, மிதவை வளையம் ஒண்ணு. ஏம்மா, நம்ம மில்லுக்கு கேப்டன் யாரு?"

பூன் லேயில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். புதிதாக ஒன்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். அவன் பட்டறையில் அதிகாரிகளின் சோதனைகளை நிறையப் பார்த்தவன் என்பதால் அவன் குரலில் ஓர் அலட்சியம்.

"பைத்தியமா அக்கா? ஆக்சிடென்ட் ஆனப்புறம் பேப்பர மாத்தினா, ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க. பேப்பர்ல இருக்கறது எடத்துல இருக்கணும், அவ்ளோதான் ரூல். நீ பேப்பர தொடாத. எடத்த மாத்திடுவோம்."

படித்தவள் நான். இதைக் கேட்டு, "சரிடா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் ஒரு பெரிய பையோடு வந்தான். படகு வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் வாங்கிய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் இரண்டு, கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்று. வளையத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான். ஜாக்கெட்டுகளைச் சல்லடை வைக்கும் தகரத் தட்டின் மேல் மடித்து வைத்தேன். அந்தத் தட்டு மாமனார் காலத்திலிருந்தே அங்கே கிடக்கிறது. ஆழமான தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டது போல இருக்கும். நான்கு மூலையிலும் ஓட்டை. சுவரில் மாட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"இப்ப வரச் சொல்லு அக்கா, யார் வராங்கன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, யாரும் வருவதற்குள் தம்பி ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டான்.

முதலில் வந்தது புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வழக்கமாக வரும் வாடிக்கையாளர் அம்மா. உளுந்துப் பையைக் கீழே வைத்தவர் வளையத்தைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, மில்லு கடல் தாண்டி பாத்தாம் தீவுக்குப் போகுதா?"

"கவர்மென்ட் ரூல்மா."

"அடேயப்பா. மாவு அரைக்கறதுக்கா? அப்ப நான் டிக்கெட் எடுக்கணுமா, பாஸ்போர்ட் கொண்டாரணுமா?"

உள்ளேயிருந்து மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஆன்ட்டி, ஜன்னல் சீட் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க."

"மெஷின் இன்னிக்கு ஓடாதும்மா, பைய வச்சிட்டுப் போங்க" என்று நான் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்தினார். மெஷினைப் பார்த்தார். மகளின் மாவுக்கட்டைப் பார்த்தார். பையை வைக்கலாமா, எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் வைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் படியிறங்குமுன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மணி ஆயிற்று. மூன்று மணி ஆயிற்று. ஜாக்கெட்டுகளை நான் நான்கு தடவை மடித்து வைத்தேன். வளையத்தை இறக்கிவிடலாம் என்று நாற்காலியில் ஏறினேன். அது எந்த ஆபத்துப் பட்டியலில் வரும் என்று மகள் கேட்டதும் இறங்கினேன்.

நாலரை மணிக்கு அந்தப் பெண் வந்தார். மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். கனமான பாதுகாப்புக் காலணி, கையில் டேப்லெட். வேறோர் இடத்தில் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். போனில் ஆங்கிலம் பேசியவர், கடைக்குள் நுழைந்து ஒரு தும்மல் தும்மியதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

முப்பது பக்கத்தையும் நின்றபடியே படித்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நடுவில் தலையை நிமிர்த்தினார்.

"லைஃப் ஜாக்கெட் ரெண்டுன்னு போட்டிருக்கு."

"இருக்கும்மா. இதோ."

"மிதவை வளையம்?"

"சாமிக்குப் பக்கத்துல."

படம் எடுத்துக்கொண்டார். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு மகளிடம், "அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க, காட்டுங்க" என்றார். மகள் மெஷின் பக்கம் நடந்தாள்.

"கிட்டப் போகாத!" என்று கத்திவிட்டேன். மெஷினின் மின் இணைப்பையே பிடுங்கி வைத்திருந்தோம். ஆனாலும் கத்தினேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்தார்கள்.

அந்தப் பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து பெல்ட்டைப் பார்த்தார். அதைச் சுற்றி இருந்த இரும்புச் சட்டத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. அவற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். துப்பட்டாவின் பச்சை நூல் ஒன்று இன்னும் அச்சில் சுற்றிக் கிடந்தது. அதையும் படம் எடுத்தார். எழுந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். மாவுப் பைகள், சாமி, வளையம். பார்வை தகரத் தட்டில் வந்து நின்றது. குனிந்து அதன் மூலை ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆன்ட்டி, இந்தக் கடையில யாரும் கடல்ல மூழ்க மாட்டாங்க, அத நான் எழுதிக்கிறேன்" என்றார். "இப்ப அந்த ஜாக்கெட்ட கொஞ்சம் எடுங்க. அதுக்குக் கீழ இருக்கே, அதுதான் உங்க பெல்ட்டோட மூடி. ஆள வச்சு ஒழுங்கா போல்ட்டு போட்டு மாட்டுங்க, பேப்பர உங்க கையால புதுசா எழுதுங்க, ரெண்டையும் எனக்கு அனுப்புங்க. நான் பாத்து சரின்னு சொன்னப்புறம் மாவு அரைக்கலாம். அதுவரைக்கும் சல்லடைய வேற எங்கயாவது வைங்க."