இருபத்தேழு தூதர்கள்

“கை தூக்கறதுக்கு மந்திரிங்க வருவாங்க. எதுக்குத் தூக்கணும்னு முன்னாடியே பேசி வெக்கிறது இந்தக் கமிட்டி,” என்று சொல்லிக்கொண்டே ஆரோக்கியராஜ் கரும்பலகையில் பிரஸ்ஸல்ஸ் என்று எழுதினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியல், பாதுகாப்புக் குழு. இருபத்தேழு நாட்டுத் தூதர்கள் வாரத்தில் இரண்டு முறையாவது உட்கார்ந்து, பொதுவான வெளியுறவுக் கொள்கைக்கு வழி சொல்கிறார்கள். மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் பிடிபடவில்லை.

“தேர்த் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போடறாங்கல்ல? மொத நாளே நாலு பேரு ரைஸ்மில்லுல குந்திக்கினு முடிச்சிடுவாங்க. கூட்டத்துல தலையாட்டறதுதான் பாக்கி.”

வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் இருந்த இசைவாணி சொன்னாள்: “எங்க தெருவ கூட்டத்துக்கே கூப்புட மாட்டாங்க சார். தேரும் வராது.”

“அப்ப நீங்க ஒன்றியத்துல சேர்த்தி இல்ல,” என்றார் ஆரோக்கியராஜ்.

திருமுருகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பா தங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் இருந்தார். நான்காம் நாள் பிரின்சிபால் மேசைக்குப் புகார் வந்தது: வகுப்பில் சாதி பேசுகிறார், ஊரைக் கேவலப்படுத்துகிறார்.

ஒலக்கூர்ப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கிய குடும்பத்தில் முதல் முனைவர் பட்டம் ஆரோக்கியராஜுடையது. விழுப்புரத்தில் அந்தத் தனியார் கல்லூரியில் பதினான்கு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு வந்தால்தான் வேலை. அதைத் துறைத்தலைவர்கள் கூடிப் பரிந்துரைப்பார்கள். ஒருவர் மறுத்துச் சொன்னாலும் விஷயத்தைத் தள்ளிவைப்பது அங்கே வழக்கம்.

தன்னை நீக்கும் பேச்சு வந்தால் மறுத்துச் சொல்லப்போகும் அந்த ஒருவர் தன் துறைத்தலைவர் சுப்பராயலு என்று அவர் நினைத்தார். சுப்பராயலுவின் ஆய்வேட்டில் ஐரோப்பா பற்றிய அத்தியாயம் ஆரோக்கியராஜ் எழுதியது.

“என்னை மறுபடி எடுக்கக் கூடாதுன்னு பேச்சு வந்தா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார்.”

“பாத்துக்கலாம்பா. பேஜாராவாத.”

எல்லாம் முன்கூட்டியே முடிவாவதைப் பதினான்கு வருடம் பாடம் நடத்தியவர், கூட்டத்தை நம்பினார்.

கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கடைசியாக வெளியே வந்த சுப்பராயலு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“வேற ஆள் பாக்கறதுன்னு ஆயிடுச்சிப்பா.”

“நீங்க என்ன சொன்னீங்க சார்?”

“எதிர்க்கவும் இல்ல, ஆதரிக்கவும் இல்ல. ஒதுங்கிக்கினேன். அந்த ஒன்றியத்துலயே அப்பிடி ஒரு வழி இருக்குன்னு நீதான நடத்துவ?”

“ஆக்கபூர்வமான விலகல். பத்து மார்க் கேள்வி.”

“கோச்சிக்காத. நேத்தே பிரின்சிபால் ரூம்ல பேசிட்டாங்க.”

“நீங்களும் இருந்தீங்களா?”

சுப்பராயலு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “டீ குடிச்சியா?” என்று கேட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆரோக்கியராஜ் திண்டிவனத்தில் ஏழே முக்கால் பஸ் ஏறி விழுப்புரம் வந்தார். நூலகத்தில் நான்கு புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார். பாக்கியில்லாச் சான்றுக்கு மூன்று இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இரண்டு கிடைத்தன. மூன்றாமவர் விடுப்பு. அரசியல் அறிவியல் வகுப்பில் அன்று யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒரு மணி பஸ்ஸில் திரும்பினார். உட்கார இடம் கிடைத்தது.