ஓர் எழுத்துப் பிழை

தையல் ஆலையின் பெண்கள் கழிப்பறைக்கு இருபத்திரண்டு வருடமாகச் சாவியக்காதான் ராணி. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் துடைப்பம், வாயில் ஓயாத வசவு. செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

இஸ்திரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த திருநங்கையைப் பார்த்து முதலில் அவளும் முகம் சுளித்தவள்தான். ஆனால் அந்தப் பெண் கடைசிக் கதவுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பாள். வெளியே வந்து, சிந்திய தண்ணீரைத் தானே துடைத்துவிட்டுப் போவாள். இருபத்திரண்டு வருடத்தில் வேறு எந்த மகராசியும் அதைச் செய்ததில்லை. 'பாட்டுக்காரி' என்று பேர் வைத்ததே சாவியக்காதான்.

உடை மாற்றக் கூச்சமாக இருக்கிறது என்று சில பெண்கள் மனுக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு நிஜமாகவே பயம். மற்றவர்கள் கும்பலோடு கையெழுத்துப் போட்டவர்கள். நிர்வாகம் பாட்டுக்காரியைப் பெண்கள் கழிப்பறைக்குள் வரவிடாமல் தடுத்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. பாட்டுக்காரிக்குச் சாட்சி சாவியக்கா.

நிர்வாகத்தின் வக்கீல் கெட்டிக்காரர்.

"அவன் எத்தனை மணிக்கு வருவான்? அவன் எந்தக் கதவுக்குப் போவான்? அவனால உங்களுக்குத் தொந்தரவே இல்லையா?"

சாட்சிக் கூண்டில் நின்ற சாவியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கேட்ட வார்த்தையிலேயே பதில் வந்துவிட்டது.

"அவனால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க ஐயா."

"அவங்க சாட்சியே 'அவன்'னுதான் சொல்றாங்க" என்று வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்தார். பாட்டுக்காரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தீர்ப்பு வரும்வரை பெண்கள் பக்கம் போகக்கூடாது, ஆண் காவலாளிகளின் கழிப்பறைக்குப் போகலாம் என்று உத்தரவானது. "ஒரு வார்த்தையால எல்லாம் கேஸ் போகாதும்மா" என்று பாட்டுக்காரியின் வக்கீல் சொல்லிப் பார்த்தார். சாவியக்கா நம்பவில்லை.

இப்போதும் கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்த முணுமுணுப்பு கேட்கிறது. திறந்தால் காய்ந்த தரை. "அவளால... அவளால ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்லிச் சொல்லித் துடைக்கிறாள். தனியாக இருக்கும்போது நாக்கு பிசகுவதே இல்லை.

நேற்று இஸ்திரிப் பிரிவு வழியாகப் போனாள். ஆவிக்கு நடுவே பாட்டுக்காரி வியர்த்து நின்றாள். மணி மூன்று. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், காலையில் நிரப்பியது நிரப்பியபடி.

"தண்ணி குடிடி. மயங்கி விழப்போற."

"குடிச்சா எங்கக்கா போறது?"

பாட்டுக்காரி அடுத்த சட்டையை விரித்தாள். சாவியக்கா இடுப்புக் கொத்தைச் சத்தம் வராமல் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.