கறுப்புக் கேமரா காட்டிய வெள்ளை

என் அக்காவோடு கடைக்குப் போவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு துடைப்பம் வாங்கப் போனால் பத்துத் துடைப்பத்தைத் தட்டிப் பார்ப்பாள், கடைசியில் முதலில் தட்டியதையே வாங்குவாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து கேமரா வாங்கப் போகலாம் வா என்றால் எனக்கு எப்படி இருக்கும்? தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். வெளியே நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக நிறம் பார்க்கிறாள். வாங்குகிறவர்கள் மாதிரிக்கு ஒரு நூல்கண்டு அனுப்புவார்கள். அதே நிறத்தில் பட்டறையில் நூலைத் தோய்த்து எடுப்பார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து, ஒன்றுதான் என்றால் இரண்டிலிருந்தும் ஒரு இழை எடுத்து ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் சுற்றி, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டி வெளியே போகாது.

டியூப்லைட் வெளிச்சத்தை அவள் நம்பவே மாட்டாள். வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல், அதன் கீழே சாம்பல் நிறம் அடித்த ஒரு மேஜை, ஒரு நாற்காலி. காலை பத்திலிருந்து மூன்று மணிவரை அங்கேதான் இருப்பாள். பட்டறையில் எல்லாருக்கும் அவள் ஜன்னலக்கா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வீட்டிலும் அதே கெடுபிடிதான். சட்டைக்குப் பொத்தான் வாங்கி வந்தால் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இது வேற பச்சை, போய் மாத்திட்டு வா என்பாள். எனக்குப் பச்சை என்றால் பச்சைதான். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க ஜன்னல் ஓட்டைக்குள் நீளும் கைகளைத்தான் பார்க்கிறேன். "உன் கண்ணு ரெண்டும் சும்மா அழகுக்கு வெச்சது" என்று அக்கா கேலி செய்வாள். நானும் விடமாட்டேன், அழகு இருக்கிற இடத்தில் வைத்தார்கள் என்பேன்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். அந்த மாதம் பால்வெள்ளை நூல் ஒரு பெட்டி முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. மாதிரி நூல் வெள்ளை, வந்த நூலில் மஞ்சள் ஓடியிருக்கிறது என்று வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்! இருபத்தெட்டு வருடத்தில் தன் கையெழுத்து இப்படித் திரும்பி வந்ததில்லை என்றாள். அந்த நூல் போவதற்கு முன்பே சாயம் கலக்குகிறவர், லேசாகப் பழுத்திருக்கிறதோ என்று கேட்டிருக்கிறார். நாற்பது வயது மனுஷன், பதினைந்து வருடமாக அவளோடு வேலை செய்கிறவர். வாளியைப் பார்க்கிறவங்க வாளியைப் பாருங்க, ஜன்னலை நான் பார்த்துக்கறேன் என்று நாலு பேர் முன்னால் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

முதலாளி தன் போனில் இரண்டு நூல்கண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக் காட்டினார். படத்தில் வித்தியாசம் தெரிந்தது. போன் தானாக நிறத்தை மாற்றுகிறது, அதை வைத்து என்னைக் கேள்வி கேட்பீங்களா என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அது உண்மையும்தான், போன் அப்படிச் செய்யும். முதலாளி நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. நீங்களே நம்புகிற ஒரு கேமராவை வாங்கிட்டு வாங்க, அது சொல்வதை நானும் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அதுவும் வித்தியாசம் காட்டினால் நிறம் அளக்கிற மெஷினை வாங்கிவிடுவேன், நீங்கள் பொட்டலம் கட்டும் பக்கம் போய்விடலாம் என்றும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைவரை தவணை.

அக்காவுக்கு ஜன்னலை விட்டுப் பொட்டலப் பக்கம் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் செருப்பை மாட்டினேன்.

போகிற வழியெல்லாம் பாடம் நடந்தது. ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு கேமராவைப் பற்றி எழுதி வைத்திருந்தாள். இரண்டும் சட்டைப் பையில் வைக்கிற அளவு. ஒன்று வெள்ளிநிறம். எட்டத்தில் இருப்பதை முப்பது மடங்கு இழுத்துக் காட்டும், புதுசு, விலையும் குறைவு. இன்னொன்று கறுப்பு, கொஞ்சம் தடிமன். எட்டத்தில் இருப்பதை அவ்வளவாக இழுக்காது, நாலு வருடப் பழைய மாடல், இருந்தும் விலை அதிகம். பிறகு எதற்கு அது என்று கேட்டேன். அதில் ஒரு வெள்ளைக் காகிதத்தை முன்னால் நீட்டி, இதுதான் வெள்ளை என்று நாமே சொல்லிக் கொடுக்கலாமாம். அதை வைத்து மற்ற நிறத்தையெல்லாம் அது கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, சொந்தக்காரர் யாரையோ கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

கடைக்காரர் இரண்டையும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். வெள்ளிநிறக் கேமராவைத் தூக்கி, இதில் கலர் நல்லா வரும் என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா வர வேணாம். சரியா வரணும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் சோதிக்க முடியாது, வாசல் படிக்குக் கொண்டுபோகணும் என்று அடுத்த வெடி. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிற முகமா எங்கள் முகம்? ஆனாலும் அவர் யோசித்தார். அக்கா தன் கைப்பையையே மேஜைமேல் வைத்துவிட்டு, நூல்கண்டு இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். கடை வடக்குப் பார்த்த கடை. அதை முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

படியில் சாம்பல்நிற அட்டையை விரித்து இரண்டு கண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மாதிரி, ஒன்று திரும்பி வந்த நூல். முதலில் வெள்ளிநிறக் கேமராவில் எடுத்தாள். படத்தில் இரண்டும் பளிச்சென்று ஒரே வெள்ளையாக இருந்தன. பிறகு கறுப்புக் கேமராவுக்குக் காகிதத்தைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு எடுத்தாள். திரையில் ஒரு கண்டு வெள்ளை, பக்கத்துக் கண்டு லேசாக மஞ்சள். மறுபடி காகிதம் காட்டி எடுத்தாள். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவையும் அதேதான்.

"இது ஆகாது. இல்லாத வித்தியாசத்தைக் காட்டுது. வெள்ளிக் கேமராதான் சரி" என்றாள் அக்கா.

இரண்டு வாரம் நோட்டில் எழுதி எழுதிக் கறுப்புதான் என்று வந்தவள் ஒரே நிமிடத்தில் கட்சி மாறினாள். எனக்கு எரிச்சல் வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று குனிந்து நூலைப் பார்த்தேன். படத்தை அல்ல, நூலையே. ஐயோ என்று இருந்தது எனக்கு. கறுப்புக் கேமரா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனால் இல்லாததைச் சொல்லவில்லை. ஒன்று பால், இன்னொன்று நாள்பட்ட காகிதம். பச்சைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத எனக்கே தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திங்கட்கிழமை வெள்ளிநிறக் கேமராப் படத்தைக் காட்டி அவள் ஜெயித்திருப்பாள். ஜன்னல் அவளுக்கே இருந்திருக்கும். ஆனால் என் நாக்கு எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"அக்கா, ரெண்டும் ஒண்ணு இல்லக்கா" என்றேன்.

அவள் சிரித்தாள். பச்சைக்காரி வந்துட்டா என்றாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். வியாபாரி அல்லவா, யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். கொஞ்சம் யோசித்து, "இது ஒரு பொட்டு மஞ்சளா இருக்கும்மா" என்று திரும்பி வந்த கண்டைச் சரியாகத் தொட்டார்.

பட்டறையில் புதிதாக நிறம் பார்க்க வருகிறவர்களுக்கு அக்கா ஒரு பரீட்சை வைப்பாள். இரண்டு கண்டை முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிக் கொடுத்து எது மாதிரிக் கண்டு என்று சொல்லச் சொல்வாள். கண்டுக்குள் இருக்கும் அட்டைக் குழாயில் நம்பர் எழுதியிருக்கும், பதில் சொன்ன பிறகு திருப்பிப் பார்க்கலாம். அந்தப் பரீட்சையை என்னை வைக்கச் சொன்னாள். அந்தப் படியிலேயே திரும்பி நின்றுகொண்டாள். பத்துத் தடவை மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே குழாயைத் திருப்பிப் பார்த்தாள். நாலு சரி. ஆறு தப்பு.

காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட இன்னும் ஒன்று சரியாக வந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த ஒரே விஷயம் அதுதான்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். தோளைத் தொடலாம் என்றால் அவளைத் தொட்டால் பிடிக்காது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கறுப்புக் கேமராவைக் கடைக்காரரிடம் நீட்டி, இதையே பில் போடுங்க என்றாள். விலையில் பேரம்கூடப் பேசவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை.

வெளியே வந்ததும் சாயம் கலக்குகிறவருக்குப் போன் போட்டாள். "தம்பி, நீ சொன்னதுதான் சரி. பழுத்திருக்கு. எனக்குத்தான் தெரியல" என்றாள். அந்தப் பக்கம் அவர் ரொம்ப நேரம் பேசினார். முதலாளியிடம் சொல்ல வேண்டாம், நான் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்கிறேன், இரண்டு பேருமாகச் சமாளித்துவிடலாம் என்றாராம். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை கறுப்புக் கேமராப் படத்தை முதலாளி மேஜையில் வைத்து, தப்பு நான் பண்ணினது என்றாள். முதலாளி திட்டவில்லை. இனி யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டார். அவள் சாயம் கலக்குகிறவரைக் கைகாட்டிவிட்டு, அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெஷின் பேச்சை, அவள் கண் சரியான பிறகு பார்க்கலாம் என்று முதலாளி தள்ளிவைத்தார்.

இரண்டு கண்ணிலும் புரை. ஆரம்பத்தில் பார்வை குறையாதாம். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மெதுவாகப் பழுத்து மஞ்சளாகுமாம். கொஞ்சம் கொஞ்சமாக ஆவதால் ஆளுக்கே தெரியாதாம். இரண்டு வருடமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டை அவிழ்த்த மறுநாள் என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சுவரைப் பார்த்தாள். பிறகு மாற்றி மூடிப் பார்த்தாள். சின்னப் பிள்ளை மாதிரி பத்து நிமிடம் அதே வேலை. இந்தச் சுவர் எப்போதுமே இப்படி வெள்ளையா என்று கேட்டாள். அடித்து மூணு வருஷம் ஆச்சு, இதைவிட வெள்ளையாக இருந்தது என்றேன். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

அப்போதுதான் குண்டைத் தூக்கிப் போட்டாள். இடது கண்ணுக்கு அடுத்த வாரம் என்று நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அதை ஒரு மாதம் தள்ளிக் கேள் என்றாள். நான் கரண்டியை வைத்துவிட்டுக் கத்தினேன். இத்தனை நாள் பட்டது போதாதா, உனக்கென்ன பைத்தியமா, பயமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். நான் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

இரண்டு வருடமாக அவள் கையெழுத்துப் போட்ட அட்டைகள் பட்டறை அலமாரியில் அப்படியே இருக்கின்றனவாம். டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றதும் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்க்கப் போகிறாளாம்.

"அதுக்குப் புதுக் கண்ணு ஒண்ணு போதுமே. பழசு எதுக்கு?" என்றேன்.

"எது தப்புன்னு புதுசு சொல்லிடும். அதே அட்டையைப் பழைய கண்ணால பார்த்து, அப்பவும் வித்தியாசம் தெரிஞ்சுதுன்னா?"

எனக்குப் புரியவில்லை. தெரிந்தால் என்ன என்று கேட்டேன்.

"அப்ப அது கண்ணு பண்ணின தப்பு இல்லடி. தெரிஞ்சும் நான் திமிர்ல 'சரி'ன்னு எழுதியிருக்கேன்" என்றாள். "அதைப் பார்க்காம இந்தக் கண்ணை எடுத்துட்டா, எல்லாப் பழியையும் அது மேல போட்டுட்டு நான் நல்லவளா சுத்திட்டிருப்பேன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். எதற்காகத் தள்ளவேண்டும் என்று அங்கே போனை எடுத்த பெண் கேட்டாள். அக்காவுக்கு அந்தக் கண்ணில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன்.